அண்ணன் கேட்கச் சொன்னவை

ஜனவரி 12

அன்பு நாத்தனாருக்கு,

இங்கே நான், உன் அண்ணன், எங்கள் குட்டிப்பெண் வாலு மூவரும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஷிப்ட் முடிந்து வந்து ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று மறக்காமல் எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ தூக்கக் கலக்கத்தில் "சரி அண்ணி, சரி அண்ணி" என்று சொல்லியே தப்பித்துக்கொள்கிறாய். கடிதமென்றால் உட்கார்ந்து பதில் எழுதித்தான் ஆகவேண்டும்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூலில் ஆட்களுக்குக் குறைவில்லை. புதிதாக ஒரு கசாப்புக் கடைக்காரர் சேர்ந்திருக்கிறார். கத்தியைப் பிடித்தால் அசையாத கை, ஸ்டீயரிங்கைத் தொட்டால் வெடவெடக்கிறது. நேற்று ஒரு பூனை குறுக்கே வந்ததற்கு வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். நான் இளைத்துவிட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள். காசு கட்டி இளைக்கிறவர்கள் இருக்கும் ஊரில் எனக்கு இலவசம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணனை உனக்குத் தெரியும். நீ அணுமின் நிலையத்தில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது, இன்னும் உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊரார் பார்வையை எல்லாம் சரிசெய்கிற மனிதர், வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பைப் பால்கனியில் வைத்திருக்கிறார். அது ஓடும்போது எங்களை முன்னறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்துகிறார். சூடான சூப் அங்கிருந்து மேசைக்கு வருவதற்குள் மறுபடி ஆறிவிடுகிறது.

அவர்தான் உன்னிடம் கேட்கச் சொன்னார். அங்கே உள்ளே என்னதான் நடக்கிறது? அணுகுண்டுக்கு மூடி போட்டு வைத்திருப்பது போலத்தானே? அந்தக் கோபுரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை வருகிறதே, அதை மூச்சில் இழுத்தால் என்ன ஆகும்? விளக்கமாக எழுது. புரிகிற மாதிரி எழுது. அவருக்காகத்தான்.

உன் அண்ணி

*

ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் கேண்டீனில் தனியாகச் சிரித்தேன். நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், ஆனால் எது எந்த வேளை என்பதில்தான் எனக்கும் ஷிப்டுக்கும் தகராறு. நீங்கள் ஏன் இளைத்தீர்கள்? டாக்டரிடம் காட்டினீர்களா?

அண்ணனிடம் சொல்லுங்கள்: நாங்கள் தண்ணீர் கொதிக்க வைக்கிறோம். இவ்வளவு படிப்பும் இவ்வளவு காவலும் அதற்குத்தான். தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. ஆவி ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் சுற்றினால் மின்சாரம். நிலக்கரியில் ஓடும் மின்நிலையத்திலும் இதே கதைதான், அடுப்பு மட்டும் வேறு.

எங்கள் அடுப்பில் தீ கிடையாது. சுண்டுவிரல் நுனி அளவுக்கு யுரேனியத் துண்டுகள். அவற்றை நீளமான குழாய்களுக்குள் அடுக்கித் தண்ணீருக்குள் நிறுத்தியிருக்கிறோம். யுரேனிய அணு ஒன்றில் நியூட்ரான் என்ற பொடிசு போய் மோதினால் அணு இரண்டாக உடைகிறது. உடையும்போது சூடு வருகிறது, கூடவே இரண்டு மூன்று புதுப் பொடிசுகள் வருகின்றன. அவை அடுத்த அணுக்களில் மோதுகின்றன. பொடிசுகள் பெருகாமல் பார்த்துக்கொள்ள, அவற்றை விழுங்கும் தண்டுகளை இடையே இறக்கி ஏற்றுகிறோம். முழுவதும் இறக்கினால் உடைவது நின்றுவிடும். மின்சாரமே போனாலும் அந்தத் தண்டுகள் தாமாக இறங்கும்.

குண்டு கதை வேண்டாம். உடைகிற வகை யுரேனியம் எங்கள் துண்டுகளில் நூற்றுக்குச் சில பங்குதான். குண்டுக்கு அது கிட்டத்தட்ட முழுவதுமாக வேண்டும். எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு யாராவது போதையேறித் தள்ளாட முடியுமா? அந்த மாதிரி.

கோபுரத்திலிருந்து வருவது புகையே இல்லை. வெறும் ஆவி. குளிர்ந்து மேகமாகிறது. அதன் கீழே நான் துணி காயப்போட்டால் சீக்கிரம் காயாது, அந்த ஒரு புகார்தான் எனக்கு உண்டு.

வாலுவுக்கு முத்தம்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 9

அன்பு நாத்தனாருக்கு,

எல்லோரும் சுகம். உன் துணிகள் காய்ந்தனவா?

கசாப்புக் கடைக்காரர் மூன்றாம் கியர் வரை வந்துவிட்டார். நான்தான் முன்பு போல இல்லை. சின்னத் தப்புக்கும் சுள்ளென்று விழுகிறேன். அன்றைக்கு ஒரு கல்லூரிப் பெண்ணை அழவே வைத்துவிட்டேன். பிறகு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். வெயில் காரணமாக இருக்கும்.

நீ எழுதியது உன் அண்ணனுக்குப் புரிந்தது. ஆனால் மனிதர் லேசில் விடுவாரா? தண்டுகளை இறக்கினால் எல்லாம் நின்றுவிடும் என்றால், சில இடங்களில் விபத்து நடந்ததே, அது எப்படி என்கிறார். மழுப்பாமல் சொல்ல வேண்டுமாம்.

அப்புறம் இன்னொன்று. அங்கே வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள், தம் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுகிறார்களா? நாலு வயசு, ஐந்து வயசுப் பிள்ளைகளை? பயப்படாமல்? உன் அண்ணன் இதைக் குறிப்பாகக் கேட்கச் சொன்னார். எதற்கென்று எனக்குத் தெரியாது.

வாலு கையெழுத்துப் போடப் பழகுகிறாள். கீழே அவள் கிறுக்கியிருப்பது உன் படமாம். தலையிலிருந்து கதிர் வீசுவது போல இருக்கிறதே என்றேன், அது முடியாம்.

உன் அண்ணி

*

பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணிக்கு,

என் முடி அப்படித்தான் இருக்கிறது, வாலு பொய் வரையவில்லை. மற்றபடி நலம்.

மழுப்பாமல் சொல்கிறேன். நீங்கள் காரை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் பானெட்டில் கை வைத்தால் சுடும் அல்லவா? உலையும் அப்படியே. அணு உடைவது நின்றாலும் ஏற்கெனவே உடைந்த அணுக்களின் துண்டுகள் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். நாள் கணக்கில், மாதக் கணக்கில். அதுவரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடாமல் போனால் குழாய்கள் உருகும். ஒரு இடத்தில் அப்படித்தான் ஆனது. அதனால்தான் எங்களிடம் ஒரு பம்புக்குப் பின்னால் இன்னொரு பம்பு, அதற்குப் பின்னால் டீசல் எஞ்சின், அதற்கும் பின்னால் ஒன்று. வேறொரு இடத்தில் உலையின் அமைப்பிலேயே கோளாறு, அதற்கு மேல் பாதுகாப்பு விதிகளைத் தள்ளி வைத்துவிட்டுச் சோதனை செய்தார்கள். ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எது ஆபத்து, எது இல்லை என்று தெரிந்து பயப்படச் சொல்கிறேன்.

பிள்ளைகளைத் தூக்குவது பற்றி. எங்கள் ஷிப்டில் ஒரு பம்பு மெக்கானிக் இருக்கிறார், இரட்டைப் பிள்ளைக்காரர். சாயங்காலம் இரண்டு தோளிலும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டுதான் தெருவில் நடக்கிறார். டார்ச் வெளிச்சம் உங்கள் மேல் பட்டால் நீங்கள் டார்ச்சாக ஆகிவிட மாட்டீர்கள். கதிர்வீச்சு அந்த வெளிச்சம் மாதிரி. பட்டது, போனது. ஆனால் கதிர்வீச்சுள்ள தூசி வேறு. அது மாவு மாதிரி ஒட்டும், வீட்டுக்கும் கூட வரும். அதனால்தான் உள்ளே மாற்றுடை, வெளியே வரும்போது தலை முதல் கால் வரை மோப்பம் பிடிக்கும் மெஷின். ஒட்டியிருந்தால் மணியடித்துவிடும், விடமாட்டார்கள்.

அண்ணன் கேள்வி கேட்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. அவரையே எழுதச் சொல்லுங்களேன்.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 4

அன்பு நாத்தனாருக்கு,

நலம். நலமா?

உன் அண்ணனுக்குக் கடையில் வேலை அதிகம். பள்ளிப் பரீட்சை வந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் திடீரென்று பார்வை மங்கிவிடும். அதனால் நானே எழுதுகிறேன்.

அவர் எங்கோ படித்தாராம். விபத்து நடந்தால் சாப்பிட உங்கள் ஊரில் அயோடின் மாத்திரை வைத்திருப்பார்களாமே? கழுத்துக்காக என்று போட்டிருந்ததாம். கழுத்துக்கும் அணு உலைக்கும் என்ன சம்பந்தம்?

வெளிச்சம், தூசி இரண்டும் புரிந்தது. விழுங்கிவிட்டால்? அதாவது ஒருவர் அந்தச் சாமானை வாய் வழியாகவே உள்ளே தள்ளிவிட்டால்? அது எத்தனை நாள் உள்ளே இருக்கும்? வியர்வையில் வருமா? அவர் குடித்த டம்ளரில்? அவர் தலையணையில்? பக்கத்தில் படுக்கிற குழந்தைக்கு என்ன ஆகும்?

கசாப்புக் கடைக்காரர் லைசென்ஸ் டெஸ்டில் தோற்றார். சோதிக்க வந்த அதிகாரியைப் பார்த்ததும் சீட் பெல்ட்டுக்குப் பதிலாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். அடுத்த தடவை தேறிவிடுவார்.

சீக்கிரம் பதில் எழுது. அவர் அவசரப்படுத்துகிறார்.

அண்ணி

*

மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே உலையை நிறுத்தி எரிபொருள் மாற்றுகிறோம், மூச்சுவிட நேரமில்லை. ஆனாலும் அண்ணன் அவசரப்படுகிறார் என்பதால் சாப்பாட்டு வேளையில் எழுதுகிறேன். காகிதத்தில் இருக்கும் கறை குழம்பு, பயப்பட வேண்டாம்.

நம் கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி உண்டு. அயோடின் என்றால் அதற்கு உயிர். எங்கே கிடைத்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். உலையில் உருவாகிறவற்றில் கதிர்வீச்சுள்ள அயோடினும் ஒன்று. விபத்தில் அது வெளியே வந்தால் கழுத்துக்குள் போய் உட்காரும். முன்கூட்டியே சாதாரண அயோடினைச் சாப்பிட்டு வயிற்றை, இல்லை, கழுத்தை நிரப்பி வைத்தால், இதற்கு அங்கே இடமிருக்காது. மாத்திரை அதற்குத்தான்.

இங்கே யாரும் எதையும் விழுங்குவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள். தைராய்டு அளவுக்கு மீறித் துள்ளினால் இதே அயோடினைக் குளிகையாகத் தருவார்கள். அதன் பேராசையாலேயே அதை அடக்குவது. ஒரு சின்ன விளக்கை விழுங்கின மாதிரி. எட்டு நாளில் பாதியாக மங்கும், அடுத்த எட்டு நாளில் அதிலும் பாதி. முதல் நாட்களில் வியர்வையிலும் எச்சிலிலும் வரும். அதனால் தனிப் படுக்கை, தனி டம்ளர். குழந்தைகளிடமிருந்து கொஞ்ச நாள் தள்ளியிருக்க வேண்டும். எத்தனை நாள் என்று அந்த டாக்டர் சொல்வார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எத்தனையோ காலமாகக் கொடுத்துவரும் மருந்து.

அண்ணன் எதற்கு இதைக் கேட்கிறார்? கடைக்கு வருகிறவர் யாருக்காவதா?

உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 5

அன்புத் தங்கைக்கு,

நான் கடிதம் எழுதி எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்குப் பார்க்காதே. வாலுவும் நானும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி டிரைவிங் ஆசிரியர்களுக்கான பயிற்சி என்று வெளியூர் போய் ஒரு வாரமாகிறது. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வீட்டை நான்தான் ஓட்டுகிறேன். வாலுவுக்குச் சடை பின்னுவதை விட உடைந்த பிரேமுக்குத் திருகாணி போடுவது எளிது. இரண்டு சடைகளும் இரண்டு வெவ்வேறு திசைக்குப் போகின்றன. "அப்பா, நீ கண்ணாடி போட்டுக்கிட்டு பின்னு" என்கிறாள்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தினமும் போனில் பேசுகிறாள். வாலுவின் முகத்தைக் காட்டினால் உடனே ஏதோ சாக்குச் சொல்லி வைத்துவிடுகிறாள். நேற்று அழுத மாதிரி இருந்தது. பயிற்சிக்குப் போனவள் எதற்கு அழ வேண்டும்? கேட்டால் ஜலதோஷம் என்கிறாள். வந்து பார்க்கட்டுமா என்றால் வேண்டவே வேண்டாம் என்கிறாள்.

நீயும் அவளும் இவ்வளவு கடிதம் எழுதிக்கொள்கிறீர்களே, அப்படி என்னதான் எழுதுகிறீர்கள்? காருக்குள் உட்கார்ந்து படித்துச் சிரிக்கிறாள். எனக்கு ஒரு வரிகூடப் படித்துக் காட்டியதில்லை. கேட்டால், உங்களுக்கு ஆகாத விஷயம் என்று மடித்து வைத்துக்கொள்கிறாள். என்னை வைத்துக் கேலி செய்கிறீர்களோ?

அண்ணன்

*

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணிக்கு,

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வரும்போது இந்தக் கடிதம் உங்களுக்காகக் காத்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் நலம். நீங்கள் நன்றாக ஓய்வெடுத்து, நன்றாகச் சாப்பிட்டு, எனக்கு எழுதினால் போதும்.

அண்ணனின் சந்தேகங்களுக்கு நான் அவசரத்தில் எழுதிய பதிலில் சிலவற்றை விட்டுவிட்டேன். அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தக் குளிகையைச் சாப்பிட்டவருக்குச் சில நாள் கழுத்து லேசாக வலிக்கலாம். நெஞ்சுப் படபடப்பும் கை நடுக்கமும் உடனே போகாது, வாரங்கள் ஆகும். மருந்து கேட்கவில்லையோ என்று பயப்பட வேண்டியதில்லை. நன்றாக வேலை செய்தால் சுரப்பி பிறகு சோம்பேறியாகிவிடும். அதற்குத் தினம் காலையில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.

குழந்தையைத் தூக்க டாக்டர் எந்த நாள் சொன்னாரோ, அந்த நாளில் தூக்கலாம். கூட ரெண்டு நாள் போகட்டும் என்று தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ள வேண்டாம். கையைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டாம். தூக்கலாம். இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். இதை நான் நாத்தனாராகச் சொல்லவில்லை, கதிர்வீச்சோடு தினமும் குடித்தனம் நடத்துகிறவளாகச் சொல்கிறேன்.

இந்தச் சந்தேகம் யாருக்கு வந்திருந்தாலும், கேட்டது நல்லது என்று சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 24

அன்பு நாத்தனாருக்கு,

நலமாக வீடு வந்து சேர்ந்தேன்.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவருக்கு ரொம்ப நிம்மதி.

வாலு இந்த இரண்டு வாரத்தில் கனத்துவிட்டாள். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தூக்கிக்கொண்டேதான் இருக்கிறேன். அவள் சடைகளைப் பார்த்துவிட்டு நானே அவிழ்த்துப் பின்னினேன்.

கசாப்புக் கடைக்காரர் தேறிவிட்டார்.

அண்ணி

*

ஜூன் 10

அன்பு நாத்தனாருக்கு,

சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பயிற்சி முடிந்து உன் நிலையத்துக்குத் திரும்பினதும் கேட்டில் இருக்கும் காவல்காரப் பெண் உன்னிடம் ஒரு கதை சொல்வாள். அவள் வாயால் கேட்பதற்கு முன் என் வாயால் கேட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நிலையத்தில் குடும்பத்தார் வந்து சுற்றிப் பார்க்கும் நாள் என்று பேப்பரில் போட்டிருந்தது. சனிக்கிழமை உன் அண்ணன் திடீரென்று, "கிளம்பு, தங்கச்சியப் பாத்துட்டு வரலாம். சொல்லாம போய் நிப்போம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருடமாக நகராத மலை நகர்கிறது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? உன் எட்டு நாள் கணக்கை விரல் விட்டுப் பார்த்தேன். பாதி, பாதியில் பாதி என்று எண்ணி, கடைசியில் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று முடிவு கட்டினேன். நீ ஊரிலேயே இல்லை, வேறு ஊரில் பயிற்சியில் இருக்கிறாய் என்பது அங்கே போன பிறகுதான் தெரியும். போனது போனோம், சுற்றியாவது பார்ப்போம் என்று உன் அண்ணன் வரிசையில் நின்றார்.

கேட்டில் கதவுச் சட்டம் மாதிரி ஒரு மெஷின். உன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினார். சத்தமில்லை. வாலு குதித்துத் தாண்டினாள். சத்தமில்லை. நான் கால் வைத்தேன். அது கத்தின கத்தலில் கோபுரத்தில் இருந்த புறாவெல்லாம் பறந்துபோயிற்று.

உன் அண்ணன் வாலுவை வாரிக்கொண்டு, "உள்ள போகவே இல்ல, அதுக்குள்ள ஒட்டிக்கிச்சா? நான் அப்பவே சொன்னேன்ல?" என்று எகிறினார். பின்னால் நின்ற கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு சின்னப் பெண் கையில் கருவியோடு வந்தாள். காலிலிருந்து மேலே கொண்டுவந்தாள். கழுத்துக்கு வந்ததும் அது படபடவென்று பொரிந்தது.

"சார், இது எங்க நிலையத்துலேருந்து வரல," என்றாள். "மேடம்தான் கொண்டு வந்திருக்காங்க."

பிறகு என் காதோரம் மெதுவாக, "சமீபத்துல ஆஸ்பத்திரியில அயோடின் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். உன் அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வாலு, "அம்மா உள்ள பேட்டரி போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் வந்தது.

எங்களை ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். நடுவே உலையின் பொம்மை ஒன்று, பித்தானை அழுத்தினால் தண்ணீர் ஓடும் குழாயில் நீல விளக்கு எரிகிறது. வாலு அதை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். உன் அண்ணன் ஜன்னலோரம் நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போன வருடக் கடைசியில் நெஞ்சு அடித்துக்கொண்டது, கை நடுங்கியது, டாக்டர் தைராய்டு என்றார். ஆபரேஷன் அல்லது இந்தக் குளிகை என்றார். குளிகையைச் சாப்பிட்டுவிட்டு என் தோழியின் காலி வீட்டில் தனியாக இருந்தேன். பயிற்சி என்று சொன்னதெல்லாம் பொய்.

அவர் அந்த அதிகாரியிடம்தான் முதலில் பேசினார். "குழந்தை இவ பக்கத்துல உக்காரலாமா?"

"தாராளமா உக்காரலாம் சார். தள்ளியிருக்க வேண்டிய நாளெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. எங்க மெஷினுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை, இல்லாததையும் தேடிக் கண்டுபிடிக்கும். அடுத்த தடவை ஆஸ்பத்திரி கொடுத்த அட்டைய மட்டும் கையில கொண்டு வாங்க."

அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவர் முழங்கை என் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் கேட்டார். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்னையும் பால்கனியில வச்சிருப்பீங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ரெண்டு வாரமும் தனியாவா சாப்பிட்ட?" என்றார்.

"ம்."

"பேச்சுத்துணைக்கு யாரு இருந்தா?"

"உங்க தங்கச்சி," என்றேன்.

நிஜம்தான். உன் கடிதங்களைத்தான் கொண்டுபோயிருந்தேன். அந்த எலுமிச்சைத் தண்ணீரும், டார்ச்சும், குழம்புக் கறையும்தான் எனக்குத் துணை. ஒரு வீட்டில் ஒருவர்தான் பயப்பட முடியும். அந்த வேலையை உன் அண்ணன் முதலிலேயே எடுத்துக்கொண்டார். எனக்கும் பயம் என்று சொன்னால் வீடு தாங்காது என்று நினைத்தேன். அதனால்தான் என் கேள்விக்கெல்லாம் அவர் பெயரை வைத்தேன். ஏப்ரலில் நீ எழுதினதைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று. கண்டுபிடித்தும் கேட்காமல் விட்டாய் பார், அதற்கு என்ன சொல்ல.

இப்போது நெஞ்சு அமைதியாக இருக்கிறது. காலையில் ஒரு மாத்திரை. மாணவர்களிடம் கத்துவதில்லை. நேற்று ஒருவர் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் போனார், "அடுத்த விளக்குல நிக்கலாம் தம்பி" என்றேனாம். ரொம்பவும் அமைதியாகிவிட்டேனோ என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

உன் அண்ணி

*

ஜூன் 19

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் மூவரும் நலம். மூவரும் என்று எழுதுவது இப்போது முன்னைவிடச் சுகமாக இருக்கிறது. உன் உடம்பு எப்படி?

உன் அண்ணி உன் கடிதங்களை எல்லாம் என்னிடம் கொடுத்தாள். இரண்டு நாளாகக் கடையில் வைத்துப் படித்தேன். என் பெயரில் இவ்வளவு கேள்விகள் கேட்கப்பட்டிருப்பது தெரியாமலே இருந்திருக்கிறேன். குறை சொல்வதற்கில்லை, எல்லாம் நான் கேட்டிருக்க வேண்டியவை. கேட்காமலே பயந்துகொண்டிருந்தேன், அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. மைக்ரோவேவ் சமையலறைக்குள் வந்துவிட்டது. அது ஓடும்போது நான் மட்டும் முன்னறைக்குப் போகிறேன். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடுமா?

வாலு தெருவில் எல்லோரிடமும், "எங்க அம்மா மெஷினையே பயமுறுத்திட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இத்தனை கேள்விகளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதை நானே கேட்கிறேன். முதல் நாள் நீ அந்த வேலைக்குப் போனபோது உனக்குப் பயமாக இருந்ததா? அன்றைக்கு உன்னைப் பஸ் ஏற்றிவிட நான் வரவில்லை. பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு போனாய்.

அண்ணன்

*

ஜூன் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று ஷிப்ட் பார்த்துவிட்டேன்.

பயமாக இருந்தது. கதிர்வீச்சுக்கு இல்லை, எனக்கு. நான் ஏதாவது தப்புச் செய்துவிடுவேனோ என்று. உலையின் கட்டுப்பாட்டுப் பலகை முன்னால் முதல் முறையாகத் தனியாக உட்கார்ந்தேன். எதிரே நூற்றுக்கணக்கான விளக்குகள். திடீரென்று ஒன்று அணைந்து, கீச்சென்று சத்தம் வந்தது. எதையாவது அழுத்திவிட என் கை நீண்டது. எங்கள் ஷிப்ட் தலைவருக்கு "மெதுவா" என்று பட்டப்பெயர். எதற்கும் அந்த வார்த்தைதான். பின்னால் வந்து நின்று, "மெதுவா. முதல்ல படி. அப்புறம் தொடு" என்றார். படித்தேன். பல்பு பியூஸ் போயிருந்தது. அவ்வளவுதான். நான் பல்பு மாற்றினேன்.

"உங்களுக்கு இந்தப் பயம் எப்ப போச்சு?" என்று அவரிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "உனக்குப் போச்சுன்னா உடனே என்கிட்ட சொல்லு. உன்ன வேற வேலைக்கு மாத்தணும்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அது துணைக்கு இருக்கிறது. அதோடு சண்டையில்லை. அது எதைக் காட்டுகிறது என்று பார்ப்பேன், படிப்பேன், பிறகு தொடுவேன்.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்ததும் இதை உங்களிடம்தான் சொல்ல நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே சிரிக்கிற விஷயம் எதுவானாலும் முதலில் உங்களிடம்தானே சொல்வேன்? போனை எடுத்து உங்கள் எண்ணைத் தேடி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அழுத்தவில்லை. இந்தப் பல்புக் கதை இரண்டு வருடமாக அப்படியே இருந்தது. இப்போது எழுதிப் பார்த்தால் அவ்வளவு சிரிப்பாக இல்லை. நேரில் நடித்துக் காட்டினால்தான் நன்றாக இருக்கும்.

அடுத்த மாதம் எனக்குப் பத்து நாள் லீவு. பதினான்காம் தேதி மாலை பஸ்ஸில் வருகிறேன். பெட்டி கனமாக இருக்கும், வாலுவுக்கு அந்த உலைப் பொம்மையின் சின்ன மாதிரி ஒன்று வாங்கியிருக்கிறேன். அண்ணியைக் காருக்குள்ளேயே இருக்கச் சொல்லுங்கள், அவர் எதையும் தூக்க வேண்டாம். இறங்கும் இடத்துக்கு நீங்கள் வாருங்கள்.

தங்கை